கடதாசிக்கு யாரும் பிஸ்மி சொல்வதில்லை

துவக்குக் கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள்: எவ்வளவு தூரத்துக்குச் சுடப்போகிறாய்? முழங்கால் எப்படி இருக்கிறது, கண்ணாடி போடுகிறாயா, சுட்டதை வீட்டில் யார் சமைப்பார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த வருடம் பனி கரைந்ததிலிருந்து கோடை பிறக்கும்வரை, ரொறொன்ரோவைச் சுற்றி இருக்கிற கடைகளில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் மனைவி தன் கையால் சமைத்து, தன் வாயில் வைக்கக்கூடிய வேட்டை இறைச்சி. அதைக் கொண்டுவந்து தருகிற துவக்கு எது என்று அந்தக் கண்ணாடி அலுமாரிகளுக்குப் பின்னால் நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை.

முதலில் அவளுடைய சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள். வேட்டையாடிச் சாப்பிட எங்களுக்குத் தடையில்லை. சுடுகிற கணத்தில் பிஸ்மி, அதாவது இறைவனின் பெயர், சொல்லவேண்டும். விழுந்த மிருகத்துக்கு உயிர் இருந்தால் போய்க் கத்தியால் அறுக்கவேண்டும். நாம் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டால், சுடும்போது சொன்ன பிஸ்மியே போதும். இது பள்ளிவாசல் மௌலவி எனக்குச் சொன்னது. என் மனைவி மௌலவியைவிட ஒரு படி மேலே.

"மௌலவி சாப்பிடுறதெண்டா சாப்பிடட்டும். என்ட குசினிக்குள்ள வாறதெண்டா பிஸ்மியும் வேணும், கத்தியும் படோணும்" என்றாள்.

அந்த இடத்துக்கு அவள் வந்ததே பெரிய காரியம். நான் துவக்கு லைசென்ஸ் எடுக்கப்போகிறேன் என்று சொன்ன நாளில் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "ஊருல துவக்குச் சத்தத்தில உடுத்த உடுப்போட வெளிக்கிட்டவங்க நாம. இஞ்ச வந்து நீங்க காசு குடுத்துத் துவக்கு வாங்கப் போறீங்க" என்று சொன்னவள்தான். பிறகு தானாகவே இறங்கி வந்தாள். நல்ல கத்தி ஒன்று வாங்கி, பழைய தலையணை உறை ஒன்றில் சுற்றி, என் வேட்டைப் பைக்குள் தன் கையாலேயே வைத்தாள். அந்தக் கத்தி வேலைசெய்துவிட்டு வீட்டுக்கு வரவேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. கலியாணமான நாளிலிருந்து அவளுக்கு நான் பிளாஸ்டிக் பையில் கட்டின கோழியைத்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். ஒருமுறையாவது நானே காட்டுக்குள் போய்க் கொண்டுவந்ததை அவள் தட்டில் வைக்கவேண்டும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், இதற்குமேல் எனக்கு விளக்கம் சொல்லத் தெரியாது.

எங்கள் மகள் சிரித்தாள். அவள் இங்கேயே, ரொறொன்ரோ ஓரத்து ரூஜில் பிறந்து வளர்ந்தவள். "வாப்பா, லைக், ஹலால் கடை லிட்ரலி அஞ்சு நிமிஷ டிரைவ்" என்றாள்.

என்னை இந்த வேட்டைக்குள் இழுத்துவிட்டது என்னோடு வேலை செய்கிற தம்பி. நாங்கள் இரண்டு பேரும் வீடுகளுக்குச் சூட்டுக் காற்றுக் குழாய் பூட்டுகிறவர்கள். அவன் யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை, பக்கத்து ஊரான பிக்கரிங்கில் வீடு. எங்கள் ஆட்கள் மூத்தவரைக் கூப்பிடுகிற மாதிரி, என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவான். அண்ணன் என்று கூப்பிடுவதைவிட அது எனக்கு நெருக்கமாக இருக்கும். வருடத்தில் ஒரு வாரம் வடக்கே போய், மரம் வெட்டுகிற கம்பனி வெட்டி முடித்துவிட்டுப் போன ஒரு பெரிய வெளியின் ஓரத்தில் உட்கார்ந்திருப்போம். எதிர்க்கரைக் காட்டுக்குள்ளிருந்து மூஸ் வரும். மூஸ் என்பது மான் சாதிதான், ஆனால் பக்கத்தில் நின்றால் குதிரை குள்ளமாகத் தெரியும்.

முதல் வருடம் இரவல் துவக்கோடு போனேன். அது கிழட்டுத் துவக்கு. மூஸ் எதிர்க்கரையில் வந்து, நின்று, மேய்ந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அந்தத் துவக்கின் குண்டு பாதி வெளிகூடத் தாண்டியிருக்காது. இரண்டாம் வருடம் தம்பி புதிதாக ஒரு தூரத் துவக்கு வாங்கி வந்து, அதே எதிர்க்கரையில் நின்ற மூஸை ஒரே வெடியில் விழுத்தினான். சுட்டது அவன், பிஸ்மி இல்லை. நாங்கள் போய்ச் சேர முதலே உயிரும் போய்விட்டது. இறைச்சி முழுக்கப் பிக்கரிங்குக்குப் போயிற்று. நான் உறை பிரியாத கத்தியோடு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, திரும்பச் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஆக, நானே சுடவேண்டும், அதுவும் தூரத்துக்குச் சுடவேண்டும். ஆனால் தூரம் கூடக்கூடக் கத்தி எட்டாது. நடுவில் சேறும் வெட்டின மரக்குற்றிகளும். இதை அவளிடம் விளக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கத் தேவைப்பட்டது. கடைசியில், "சரி, கத்திய விடுங்க" என்றாள். "பிஸ்மி மட்டும் தவறக்கூடாது. அது ஒங்கட வாயில இருக்கிற சாமான். அதுக்கு ஒரு கடையும் ஏறத் தேவையில்ல."

அவள் சொன்னது சரி. மற்ற எல்லாவற்றுக்கும் கடை ஏறவேண்டியிருந்தது.

என்ன குண்டு என்பதிலேயே தகராறு தொடங்கியது. ஒரு கடையில் முப்பது நாட் ஆறு என்றார்கள், கிழவர்களுடைய நம்பிக்கையான குண்டு. அடுத்த கடையில் அதைச் சொன்னதும் பெடியன் ஒருவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். இப்போது எல்லோரும் ஆறரை மில்லிமீற்றர் குண்டுக்குப் போய்விட்டார்களாம், உதைப்பு குறைவாம், நேராகப் போகுமாம். மூன்றாவது கடையில் ஆறரை மானுக்குச் சரி, மூஸுக்கு மேக்னம் என்கிற பெரிய துவக்கு இல்லாமல் காட்டுப் பக்கமே போகாதே என்றார்கள். மேக்னத்தைத் தோளில் வைத்துப் பார்த்தேன். வேலையில் தகரக் குழாய்களைத் தலைக்குமேல் தூக்கித் தூக்கி அந்தத் தோள் ஏற்கனவே பழுது. இதைச் சொன்னால், தோளுக்கு ரப்பர் மெத்தை விற்கிறோம் என்கிறார்கள். எந்தக் குறை சொன்னாலும் அதற்கு ஒரு சாமான் வைத்திருந்தார்கள்.

தம்பி வேலைக்கு வரும் வழியெல்லாம் வான் வண்டிக்குள் இதே கதைதான். "நானா, துவக்கு பெரிய விசயமில்லை. ஸ்கோப்தான் முக்கியம். துவக்கிலை மிச்சம் பிடியுங்கோ, ஸ்கோப்பிலை பிடிக்காதையுங்கோ" என்பான். யூடியூப்பில் ஒருவன் இதையே தலைகீழாகச் சொன்னான். அவனைத் தம்பிக்குக் காட்டினால், "உவன் ஒரு விசரன்" என்றான்.

ஸ்கோப் என்பது துவக்கின் மேல் பூட்டுகிற தூரக் கண்ணாடி. அதன் தலையில் ஒரு குமிழ் இருக்கும். தூரம் கூடினால் குண்டு கீழே இறங்கும், ஆகவே தூரத்துக்கு ஏற்றபடி குமிழைக் 'கிளிக்' 'கிளிக்' என்று திருப்பிக் குறியை உயர்த்தவேண்டும். இதுவரை எனக்கு விளங்கியது. அதற்குமேல் ஒருவனும் ஒருவனோடும் ஒத்துப்போகவில்லை. ஒருவன் கிளிக்கை ஒரு கணக்கில் சொல்கிறான், தம்பியின் ஸ்கோப் வேறு கணக்கு. கனடா முழுக்க மீற்றரில் ஓடுகிறது, துவக்குக் கடைக்குள் காலை வைத்ததும் எல்லாம் யார்டு. நான் மீற்றரில் கேட்க, அவர்கள் யார்டில் பதில் சொல்ல, நான் தலைக்குள் அதைத் திருப்பி மாற்றுவதற்குள் அவர்கள் அடுத்த ஸ்கோப்பை எடுத்து மேசையில் வைத்துவிடுவார்கள். இருபத்தைந்து மடங்கு பெருப்பிக்கும் என்றார் ஒருவர், நிலாவில் இருக்கும் குழியைப் பார்க்கிறவர் மாதிரி. அந்தக் கண்ணாடிக்குள் நான் என் பார்வைக் கண்ணாடியோடு கண்ணை வைத்தால் பாதி கறுப்பாகவே தெரிந்தது. பார்வைக் கண்ணாடியைக் கழற்றினால் முழுக்கப் புகையாகத் தெரிந்தது. எனக்குச் சும்மா கோபம் வராது. அன்றைக்குக் கடைக்கு வெளியே கார்த் தரிப்பிடத்தில் நின்று, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன்.

கடைசியில் வாங்கியது தம்பி சொன்னதைத்தான். வெறுத்துப்போய் வாங்கினேன். முப்பது நாட் ஆறு, அதன்மேல் அவனுடைய அதே கணக்கில் கிளிக் பண்ணுகிற ஒரு பாரமான ஸ்கோப். வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டுகிற பெட்டிக்குள் வைக்கும்போது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளும் தேடினது இதுதானா?"

"ஓம்."

"குழாய்க்கு மேல குழாய் பூட்டி வச்சிருக்கிறாங்க. வேலைச் சாமான் மாதிரிக் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கோடை முழுக்கச் சனிக்கிழமைகளில் சுட்டுப் பழகுகிற இடத்துக்குப் போனோம். முதல் நாளே ஸ்கோப்புக்குக் கிட்டக் கண்ணை வைத்துச் சுட்டுவிட்டேன். துவக்கு பின்னுக்கு உதைக்க, ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிளந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் எல்லோரும் நெற்றியைப் பார்த்துப் பார்த்து விசாரித்தார்கள். வேலையில் தகரம் பட்டது என்று சமாளித்தேன். வீட்டில் சமாளிக்க முடியவில்லை. மருந்து போட்டுக்கொண்டே, "மூஸ் தப்பிட்டுது. துவக்கு மொதல்ல ஒங்களத்தான் வேட்டையாடியிருக்கு" என்றாள்.

ஆனாலும் பழகினேன். தம்பி பக்கத்தில் படுத்துக்கொண்டு தூரத்தைச் சொல்லுவான். நான் கிளிக்கைத் திருப்புவேன். அவன் காற்றைச் சொல்லுவான். நான் குறியை ஒரு மயிரளவு தள்ளுவேன். மூச்சை இழுத்து, பாதி விட்டு, மிச்சத்தைப் பிடித்து, விசையை அமத்துவேன். தூரம், கிளிக், காற்று, மூச்சு, விசை. குழாய் பூட்டுகிறபோது ஆணி எங்கே, ஸ்குரூ எங்கே என்று யோசிக்காமல் கை போகிறதே, அப்படிப் போகத் தொடங்கியது. தூரத்தில் கடதாசியில் வரைந்த கறுப்பு வட்டத்துக்குள் ஓட்டைகள் நெருங்கி நெருங்கி விழுந்தன. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

ஒருநாள் வெடித்த தோட்டாக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டே தம்பி கேட்டான். "நானா, நீங்கள் அந்தப் பிஸ்மியையும் சேர்த்துச் சொல்லிப் பழகினால் என்ன?"

"கடதாசிக்கு ஆராச்சும் பிஸ்மி சொல்லுவாங்களா? அத அறுத்துத் தின்னவா போறம்?" என்றேன்.

அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். இறைவன் பெயரை மரப்பலகையில் குத்தின தாளுக்குச் சொல்வது மரியாதைக் கேடு என்று உண்மையாகவே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஐப்பசியில் வடக்கே போனோம். கத்தி தலையணை உறையோடு பையில் இருந்தது. கத்தியை விடுங்கள் என்று சொன்னவள்தான் அதையும் எடுத்து வைத்திருந்தாள். குளிரில் மூக்கு நீர் வடிய வடிய நாட்கள் போயின. ஒரு காலை, வெளிச்சம் நன்றாக வந்தபிறகு, எதிர்க்கரைக் காட்டு ஓரத்தில் மூஸ் ஒன்று வந்து பக்கவாட்டாக நின்றது. பெரிய கொம்பன்.

தம்பி தூரம் பார்க்கிற கருவியைக் கண்ணில் வைத்தான். "முன்னூற்றி எண்பது மீற்றர், நானா. அவசரமில்லை. மேஞ்சுகொண்டு நிக்குது."

கிளிக்கைத் திருப்பினேன்.

"காத்து இடப்பக்கத்தாலை. மெல்லிசாத்தான்."

குறியைத் தள்ளினேன். ஸ்கோப்புக்குள் அதன் தோள் மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மூச்சை இழுத்து, பாதி விட்டு, பிடித்து, விசையை அமத்தினேன். கடதாசியில் சுட்டதைவிட நன்றாகச் சுட்டேன். மூஸ் நாலு அடி வைத்து, முன்னங்கால் மடிந்து விழுந்தது.

நான் எழும்பி ஓடினேன். துவக்கைத் தம்பியிடம் போட்டுவிட்டு, கத்தியை உறையோடு இழுத்துக்கொண்டு ஓடினேன். கத்தியையும் படவைத்துக் காட்டிவிடலாம், அவள் கேட்டதற்குமேல் கொடுத்துவிடலாம் என்று ஒரு பேராசை. சேறு முழங்கால்வரை இழுத்தது. ஒரு சப்பாத்து சேற்றுக்குள் போய்விட்டது. அதைக் கிண்டி எடுத்துப் போட்டுக்கொண்டு போனால், மரக்குற்றிகளில் இடறி இரண்டு தரம் விழுந்தேன். ஸ்கோப்புக்குள் கையெட்டும் தூரத்தில் நின்றது, நடந்தால் முடியாத தூரத்தில் கிடந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அதன் கண்ணில் ஒரு புல் ஒட்டிக்கொண்டிருந்தது. கண் இமைக்கவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தேன். உயிர் போய்விட்டது.

பரவாயில்லை, பிஸ்மி இருக்கிறது என்று நினைத்தேன். நினைத்த அந்தக் கணத்தில்தான், சொன்னேனா என்று என்னையே கேட்டேன். தூரம் ஞாபகம் இருந்தது. எத்தனை கிளிக் என்று ஞாபகம் இருந்தது. காற்று எந்தப் பக்கம், மூச்சை எவ்வளவு விட்டேன், எல்லாம் ஞாபகம் இருந்தது. அந்தச் சொல் என் வாயில் இருந்த ஞாபகம் இல்லை.

தம்பி மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"நீங்கள் சொல்லேல்லை, நானா" என்றான் மெதுவாக. "அதாலை நான் சொன்னனான்."

"என்ன?"

"பிஸ்மில்லா எண்டு. வெடிக்க முதல். உங்கடை வாய் அசையேல்லை எண்டு கண்டனான், உடனை நானே சொல்லிப்போட்டன்."

"எனக்கு ஞாபகப்படுத்தியிருக்கலாமேடா!"

"மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தியள். குழப்பினால் தவறிப்போயிடும் எண்டு பயந்துபோனன்."

அவனை அடிக்கவேண்டும் போலவும் கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. சுடுகிறவன் சொல்லாமல் பக்கத்தில் படுத்திருந்தவன் சொன்னால் செல்லாது. அதுவும் சைவப் பிள்ளை சொன்ன பிஸ்மி. அதை அவனுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "சரி, கத்தியை எடு" என்றேன். அந்தக் கத்தியை இல்லை, அவனுடைய கத்தியை. அவள் தந்ததைச் செத்த மிருகத்தில் வைக்க எனக்கு விருப்பமில்லை. தோலுரித்து, வெட்டி, இரண்டு பேருமாகச் சுமந்து முடித்தோம்.

திரும்பி வரும் வழியில் மௌலவிக்கு ரெலிபோன் எடுத்தேன். மறதியால் விடுபட்டால் குற்றமில்லை, தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அந்த ஒரு வசனத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லியே வீடுவரை வந்தேன்.

அவள் இறைச்சியைப் பார்க்கவில்லை. முதலில் உறையைப் பிரித்துக் கத்தியைப் பார்த்தாள். அது அவள் தந்தபடியே பளபளத்தது.

"உசிர் போயிட்டுதா?"

"ஓம். போய்ச் சேர முதல்."

"பிஸ்மி?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். தம்பியும் காட்டிக்கொடுக்கமாட்டான். ஆனால் ஒரு சொல்லை விட்டதற்கு இன்னொரு சொல்லால் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். தூரம், கிளிக், காற்று, எல்லாவற்றையும் சொல்லி, தம்பி சொன்ன பிஸ்மியையும் சொல்லி, மௌலவி சொன்னதையும் சொன்னேன். தம்பியின் பிஸ்மியைக் கேட்டு அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மௌலவி சொன்னது சரியாத்தான் இருக்கும்" என்றாள். "எவ்வளவு பெரிய உசிர். இத்தின கணக்கும் பார்க்க நேரமிருந்திச்சு. அதுக்கு ஒரு வார்த்த சொல்ல மட்டும் ஒங்களுக்கு நேரமில்லாமப் போச்சு."

பிறகு, "சொன்னவருக்கே குடுங்க" என்றாள்.

பிக்கரிங்குக்கு ரெலிபோன் எடுத்தேன். தம்பி குரலைத் தாழ்த்தி, "நானா, இஞ்சை கந்தசஷ்டி தொடங்கியிட்டுது. மனிசி விரதம். இப்ப இறைச்சி வாசல்படியும் ஏறேலாது. முடியும்வரைக்கும் உங்கடை கராஜிலை வைச்சிருங்கோ" என்றான். வருடம் முழுக்க அலைந்து, தோளைக் கெடுத்து, புருவத்தைக் கிழித்து, சப்பாத்தைச் சேற்றுக்குள் கிண்டியெடுத்துக் கொண்டுவந்த இறைச்சி, இரண்டு குசினியும் வேண்டாமென்று என் கராஜ் பிரீசரில் கிடந்தது. ஒவ்வொரு காலையும் காரை எடுக்கும்போது அந்தப் பிரீசர் உறுமுகிற சத்தம் கேட்டு எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

விரதம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டுபோய்ப் பிக்கரிங்கில் இறக்கினேன். தம்பியின் மனைவி சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று நின்றாள். இன்னொரு நாளைக்கு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கோழிக்கறிக்குத் தாளிக்கிற மணம். அவள் பலகையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கையில் இருந்தது அந்தக் கத்தி. தலையணை உறை தோய்த்துக் கதிரையில் காயப்போட்டிருந்தது.

"அது வேட்டைக் கத்தியல்லோ?" என்றேன்.

அவள் அரிவதை நிறுத்தவில்லை. "ஒங்களுக்கு இனிக் கத்தி எதுக்கு? நீங்கதான் தூரத்தில நிண்டு சுடுற ஆளாச்சே."

நான் மேசையைத் துடைத்து, கோப்பைகளை எடுத்து வைத்தேன்.